கிளவுட் நெட்வொர்க்கைச் சொந்தக் கேபிள் என்று நினைக்காதீர்கள்

ஒரே டேட்டா சென்டரில் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் குடியிருக்கின்றன. உங்கள் சர்வருக்கு 10.0.0.5 என்று ஐபி வைத்திருப்பீர்கள். பக்கத்து ராக்கில், சில சமயம் அதே இயந்திரத்தில், இன்னொருவரும் அதே 10.0.0.5-ஐ வைத்திருப்பார். இரண்டும் மோதிக்கொள்வதில்லை. முன்பெல்லாம் இப்படிப் பிரித்து வைக்க விலேன் (ஒரே சுவிட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் முறை) போதுமானதாக இருந்தது. ஆனால் விலேன் எண்ணுக்கு 12 பிட்தான் இடம். ஒதுக்கிய இரண்டைக் கழித்தால் 4094 நெட்வொர்க்குகள். பொதுக் கிளவுடுக்கு இது எந்த மூலைக்கும் காணாது. அதனால் வந்தவற்றில் பரவலானது விஎக்ஸ்லேன். 2014-இல் ஆர்எஃப்சி 7348 ஆக வெளியான இதில் 24 பிட் இடம் உண்டு. 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நெட்வொர்க்குகளைப் பிரிக்கலாம்.

வேலை நடக்கும் விதம் எளிது. உங்கள் விஎம் (நிஜ இயந்திரத்துக்குள் மென்பொருளாக ஓடும் சர்வர்) அனுப்பும் ஈதர்நெட் ஃப்ரேமை, கடிதத்தைக் கவரோடு சேர்த்து இன்னொரு கவரில் போடுவதுபோல, அப்படியே ஒரு யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து, எதிர் விஎம் ஓடும் ஹோஸ்டின், அதாவது அந்த நிஜ இயந்திரத்தின், முகவரியை மேலே எழுதி அனுப்புகிறார்கள். எந்த விஎம் எந்த ஹோஸ்டில் இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல். அவ்வளவுதான். பெரிய கிளவுட் நிறுவனங்கள் விஎக்ஸ்லேனையே வைத்திருக்க வேண்டும் என்றில்லை. சொந்தமாக ஏதாவது செய்திருப்பார்கள். ஆனாலும் மேலே ஓர் உறை, பின்னால் ஒரு பட்டியல் என்ற அமைப்பு மாறுவதில்லை. இந்த இரண்டையும் மறந்துவிட்டு, சுவரில் கேபிள் குத்திய பழைய ஆபீஸ் நெட்வொர்க்காக நினைத்து நடத்தினால்தான் சிக்கல்.

உறைக்கும் இடம் வேண்டும்

அதிகம் பேரை அலைக்கழிப்பது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. கணக்கைப் பாருங்கள்: உள்ளே போகும் ஈதர்நெட் தலைப்பு 14 பைட், விஎக்ஸ்லேன் தலைப்பு 8, யுடிபி 8, வெளி ஐபி தலைப்பு 20. ஆக 50. வெளியே ஐபிவி6 என்றால் 70. கீழே இருக்கும் நிஜ நெட்வொர்க் 1500 பைட்தான் தாங்கும் என்றால், விஎம்முக்கு மிஞ்சுவது 1450. விஎம்மோ 1500 என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

இதன் அறிகுறிதான் ஆளைக் குழப்பும். பிங் அடித்தால் போகிறது. போர்ட் திறந்திருக்கிறது. டிசிபி இணைப்பும் உருவாகிவிடுகிறது, ஏனென்றால் முதல் மூன்று பாக்கெட்டுகளும் பொடிசு. அப்புறம் எதிர் சர்வர், இணைப்பைக் குறியாக்கம் செய்யத் தன் டிஎல்எஸ் சான்றிதழை அனுப்பும். அது பெரிய பாக்கெட், அங்கேயே தொங்கிவிடும். இதைப் பார்த்தவுடன் பலரும் ஃபயர்வாலைத் திட்டுவார்கள், அப்ளிகேஷனை மறுபடி ஸ்டார்ட் செய்வார்கள், டிஎன்எஸ்ஸையும் ஒரு கை பார்ப்பார்கள். "சின்னது போகிறது, பெரியது போகவில்லை" என்றால் முதலில் எம்டியுவைச் சந்தேகப்படுங்கள்.

சோதிப்பது சுலபம். துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு, 1472 பைட் தரவு வைத்து பிங் அனுப்புங்கள். ஐபி, ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் முறை) தலைப்புகளின் 28 பைட்டும் சேர்ந்து 1500 ஆகிவிடும். அது போகாமல் 1422 மட்டும் போனால், அந்த 50 பைட் எங்கே போனது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதற்கு மேல் ஒரு தவறு: பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்துவிடுவது. "பாக்கெட் பெரிதாக இருக்கிறது, குறைத்துக்கொள்" என்ற செய்தி வருவதே அந்த வழியில்தான் (வகை 3, குறியீடு 4). அதை அடைத்தால் அனுப்புகிறவருக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. உறை போட்ட நெட்வொர்க்கில் இன்னொரு வம்பும் உண்டு. நடுவிலுள்ள ரௌட்டர் புகார் அனுப்பினாலும் அது வெளி உறையில் அனுப்புநராக இருக்கும் ஹோஸ்டுக்குத்தான் போகும். உள்ளே இருக்கும் விஎம்முக்கு நேராக வந்து சேராது. எனவே சொந்தக் கிளவுட் கட்டுகிறவர்கள் கீழ் நெட்வொர்க்கின் எம்டியுவை 1600-க்கோ 9000-க்கோ உயர்த்திவிடுவதுதான் சரியான மருந்து. விஎம்களில் ஒவ்வொன்றாக எண்ணைக் குறைப்பது முதலுதவி மட்டுமே.

பொதுக் கிளவுடில் எண்கள் இடத்துக்கு இடம் மாறும். அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸில் விபிசிக்குள் (உங்களுக்கெனப் பிரித்துத் தரும் தனி நெட்வொர்க்) 9001 வரை போகும், இணையத்துக்கு வெளியேறும்போது 1500. கூகுள் கிளவுடில் நாம் எதையும் மாற்றாவிட்டால் 1460. அதன்மேல் கன்டெய்னர்களை (அப்ளிகேஷனைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிகள்) நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் வைத்து, அதற்குள் இன்னொரு விஎக்ஸ்லேன் ஓட்டினால் 1410-தான் மிச்சம். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் உள் நெட்வொர்க்கான பிரிட்ஜோ ஹோஸ்டின் எம்டியுவைப் பார்க்காமல் 1500 என்றே வைத்துக்கொள்ளும். விஎம்மில் நன்றாக இறங்கும் ஃபைல் கன்டெய்னருக்குள் மட்டும் பாதியில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

எல்லோருக்கும் 10.0.0.0/16

முகவரிகள் மோதாது என்று மேலே சொன்னேன். அது நீங்கள் தனித்தனியாக இருக்கும்வரைதான். இரண்டு நெட்வொர்க்குகளை இணைக்கும் நாள் வந்தால் அதே வசதி காலை வாரிவிடும். ஏடபிள்யூஎஸ்ஸில் முகவரி வரம்பு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பீரிங்கே (இரண்டு விபிசிகளை நேரடியாக இணைப்பது) செய்ய முடியாது. தானாக வரும் டிஃபால்ட் விபிசி எல்லாக் கணக்கிலும் 172.31.0.0/16, அதாவது 172.31 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும். ஆக, டிஃபால்ட்டிலேயே வளர்ந்த இரண்டு குழுக்களால் பீரிங் போட்டுக்கொள்ள முடியாது. பிறகு நடுவில் முகவரியை மாற்றி அனுப்பும் நேட் வைத்துச் சமாளிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் முழுவதையும் எண் மாற்ற வேண்டும். இரண்டுமே தூக்கத்தைக் கெடுக்கும் வேலை. ஒரு சாதாரண எக்செல் தாளில் எந்தக் குழுவுக்கு எந்த வரம்பு என்று எழுதி வைத்துவிட்டு ஆரம்பித்தால் இந்தத் தொல்லை வராது. அந்தத் தாளில் டாக்கரின் 172.17.0.0/16-ஐயும், ஆபீஸ் விபிஎன் வரம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிகச் சிறிய சப்நெட்டும் (முகவரி வரம்பின் ஒரு துண்டு) வெட்ட வேண்டாம். ஏடபிள்யூஎஸ் ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். /28 என்றால் 16-இல் 11-தான் உங்களுக்கு. பீரிங் தாவிப் போகாது என்பதும் நினைவிருக்கட்டும்: அ-ஆ, ஆ-இ இணைந்திருந்தாலும் அ-விலிருந்து இ-க்குப் போக முடியாது.

கத்தினால் யாருக்கும் கேட்காது

பழைய ஆபீஸில், வரும் வேலையைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர்கள் இரண்டை வைத்து, கீப்அலைவ்டி என்ற மென்பொருள் மூலம் ஒரு பொது ஐபியைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஒன்று விழுந்தால் மற்றது "இனி இந்த ஐபி என்னிடம்" என்று ஆர்ப் (எந்த ஐபி எந்த இயந்திரத்தில் என்று கண்டறியும் முறை) செய்தி மூலம் எல்லோருக்கும் அறிவிக்கும். சுவிட்சும் பக்கத்து இயந்திரங்களும் கேட்டு மாற்றிக்கொள்ளும். இதை அப்படியே ஏடபிள்யூஎஸ்ஸுக்குக் கொண்டுபோனால் வேலை செய்யாது. அங்கே பிராட்காஸ்ட்டே கிடையாது. ஆர்ப் கேள்விக்குப் பதில் சொல்வது எதிர் இயந்திரம் அல்ல, கிளவுட் தளம். பாக்கெட் போவது பட்டியல் சொல்லும் இடத்துக்கு. ஐபி இடம் மாற வேண்டும் என்றால் ஏபிஐ மூலம் பட்டியலை மாற்றச் சொல்ல வேண்டும். அல்லது அவர்கள் தரும் லோட் பேலன்சரையே எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நிம்மதி.

சொந்தக் கிளவுட் கட்ட உதவும் ஓப்பன்ஸ்டாக்கில் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஒவ்வொரு போர்ட்டும் தன் பெயரில் பதிந்த ஐபியிலிருந்து மட்டுமே பேசலாம். மற்றதைத் தூக்கி எறிந்துவிடும். பொது ஐபியை இரண்டு போர்ட்டிலும் அனுமதித்த முகவரியாகச் சேர்த்து, கீப்அலைவ்டி தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஆர்ஆர்பிக்காக 112-ஆம் புரோட்டோகாலையும் திறந்துவிட்டால் கீப்அலைவ்டி ஓடும். ஏடபிள்யூஎஸ்ஸின் விஎம் சேவையான ஈசி2-வில் ஒரு விஎம்மை ரௌட்டராக வைக்கிறவர்கள் மறப்பதும் இதே இனம்: மூல, இலக்கு முகவரிச் சோதனையை அணைக்காவிட்டால் ஒரு பாக்கெட்கூடத் தாண்டாது.

பிரித்து வைத்தது பூட்டியதாகாது

"தனி விபிசிதானே, எதற்கு டிஎல்எஸ்?" என்று கேட்பவர்கள் உண்டு. விஎக்ஸ்லேனில் குறியாக்கமும் இல்லை, கையொப்பமும் இல்லை. விஎக்ஸ்லேன் பாக்கெட்டுகள் வந்து சேரும் ஹோஸ்டின் யுடிபி 4789 போர்ட்டை எட்ட முடிந்த எவரும் போலி பாக்கெட்டை உள்ளே தள்ள முயலலாம். சொந்தக் கிளவுட் வைத்திருப்பவர்கள் அந்தப் போர்ட் வெளியிலிருந்து தெரிகிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். லினக்ஸ் கர்னலில் பழைய வழக்கப்படி 8472 வரும் என்பதால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஃபயர்வால் விஷயம் ஒன்று மட்டும். ஏடபிள்யூஎஸ் செக்யூரிட்டி குரூப் (விஎம் அளவிலான ஃபயர்வால்) போன பாக்கெட்டை நினைவில் வைத்துப் பதிலை உள்ளே விடும். சப்நெட் அளவில் வைக்கும் நெட்வொர்க் ஏசிஎல்லுக்கு அந்த நினைவு கிடையாது. அங்கே 443-ஐ உள்ளே விட்டால் மட்டும் போதாது, பதில் வெளியே போக 1024 முதல் 65535 வரையும் திறக்க வேண்டும்.

சும்மா இருக்கும் இணைப்பு

காலையில் வரும் முதல் டேட்டாபேஸ் வினவல் மட்டும் பிழை அடிக்கிறது, அப்புறம் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று புகார் வரும். காரணம், நடுவில் உட்கார்ந்திருக்கும் நேட்டும் லோட் பேலன்சரும் பேச்சில்லாத இணைப்பை நினைவிலிருந்து நீக்கிவிடும். ஏடபிள்யூஎஸ் நேட் கேட்வேயில் 350 விநாடி. மைக்ரோசாஃப்ட்டின் அஸ்யூர் லோட் பேலன்சரில் மாற்றாவிட்டால் 4 நிமிடம். கூகுளின் ஃபயர்வால் 10 நிமிடம். "உயிரோடிருக்கிறாயா" என்று லினக்ஸ் முதன்முதலில் கேட்பதோ (இதற்குப் பெயர் கீப்அலைவ்) 7200 விநாடி, அதாவது 2 மணி நேரம் கழித்து. அதற்குள் நடுவழியில் எல்லாம் மறந்துபோயிருக்கும்.

இந்தக் கீப்அலைவ் நேரத்தை 200 விநாடி அளவுக்குக் குறையுங்கள். ஆனால் கர்னல் எண்ணை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அந்தந்த சாக்கெட்டில் (அப்ளிகேஷன் திறக்கும் இணைப்பு முனை) கீப்அலைவை இயக்கச் சொல்லி அப்ளிகேஷன் கேட்டிருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. போஸ்ட்கிரெஸ்ஸின் ஜாவா டிரைவரில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். இணைப்பு அமைப்புகளில் நீங்கள்தான் போட வேண்டும்.