புராஜெக்ட் முடிந்தபிறகு வரையும் அட்டவணை: மாணவர் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு கான்ட் சார்ட் இருக்கும். இடப்பக்கம் வேலைகளின் பெயர், மேலே வாரங்கள், நடுவே படிக்கட்டு மாதிரி இறங்கும் வண்ணப் பட்டைகள். ஒவ்வொரு வேலையும் சொன்ன வாரத்தில் தொடங்கி, சொன்ன வாரத்தில் முடிந்திருக்கும். "இதை எப்போது வரைந்தீர்கள்?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அறிக்கை பைண்டிங்குக்குப் போவதற்கு முந்தைய இரவில் வரைந்தது அது.

அவர்கள் மேல் கோபப்பட எனக்கு மனம் வருவதில்லை. அட்டவணை என்பது அறிக்கையில் இருக்க வேண்டிய ஒரு படம் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். ஹென்றி கான்ட் 1910-களில் இந்த வரைபடத்தைப் பரப்பியபோது (அவருக்கு முன்பே, 1896-இல், போலந்துக்காரரான கரோல் அடமியேக்கி இதைப் போன்ற ஒன்றை உருவாக்கியிருந்தார்) அதன் பயன் வேறாக இருந்தது. இன்றைய தேதியில் ஒரு கோடு போட வேண்டும். எந்த வேலை அந்தக் கோட்டைத் தொடாமல் பின்தங்கிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இது தெரிந்தால், ஏதாவது செய்வதற்கு நேரம் மிச்சம் இருக்கும்.

புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்ற பெரிய பெயருக்குள் இருக்கும் சாரம் இதுதான் என்று நினைக்கிறேன்: கெட்ட செய்தி சீக்கிரமாகக் காதுக்கு வருவதற்கு ஓர் ஏற்பாடு. மாணவர் குழுக்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, அந்தச் செய்தியைத் தாமதப்படுத்தும் தவறுகள்தான்.

பேச வசதியாக ஒரு புராஜெக்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட குழு. நூலகத்தில் இருக்கையை முன்பதிவு செய்யும் செயலி. கையில் பன்னிரண்டு வாரம்.

எது வரை செய்ய வேண்டும் என்று பேசாமலே தொடங்குவது

முதல் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசுவார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். எந்த மொழியில் கோட் எழுதலாம், செயலிக்கு என்ன பெயர் வைக்கலாம், லோகோ யார் வரைவது. கடைசி நாள் டெமோவில் எது எது ஓடினால் இந்த வேலை முடிந்தது என்று சொல்லலாம் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒருவர் மனதில் வெறும் முன்பதிவு மட்டும் இருக்கும். இன்னொருவர் எந்த மேசை காலியாக இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தையும் சேர்த்துக் கற்பனை செய்திருப்பார். நூலகருக்கு வாராந்திர அறிக்கை போகும் என்று கைடு நினைத்துக்கொண்டிருப்பார். மூவரும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள், ஆனால் மூன்று வேறு செயலிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். இது வெளியே வருவதற்குள் எட்டு வாரம் ஓடிவிடும்.

அரைப் பக்கம் எழுதுங்கள், போதும். மேல் பாதியில் என்னவெல்லாம் இருக்கும் என்பது. கீழ்ப் பாதியில் என்னவெல்லாம் இருக்காது என்பது. கீழ்ப் பாதிதான் அதிகம் உதவும். "கட்டணம் வசூலிக்கும் வசதி கிடையாது. ஒரே ஒரு நூலகம் மட்டும். ஆண்ட்ராய்டு மட்டும்." இதைக் கைடிடம் காட்டி ஒப்புதல் வாங்கி, அதை மின்னஞ்சலில் பதிந்துவைத்துவிடுங்கள்.

அப்புறமும் சும்மா இருக்காது. இரண்டாவது ரிவ்யூவில் யாராவது, "முகத்தை அடையாளம் கண்டு உள்ளே விடுகிற மாதிரி செய்தால் நன்றாக இருக்குமே" என்பார்கள். மாணவர்கள் உடனே தலையாட்டிவிடுவார்கள், மதிப்பெண் அவர் கையில் அல்லவா இருக்கிறது. ஒரு திட்டத்தில் இழுத்துப் பிடிக்கவும் தளர்த்தவும் கூடியவை மூன்று: காலம், ஆள் மற்றும் பணம், வேலையின் அளவு. நிறுவனங்களில் மூன்றையும் அசைக்க ஓரளவு வழி உண்டு. உங்களுக்குச் சமர்ப்பிக்கும் தேதி நகராது, ஆறாவது ஆளும் வர மாட்டார். அசையக்கூடியது வேலையின் அளவு ஒன்றுதான். அதனால் புதிதாக ஒன்று உள்ளே வந்தால், பழையது ஒன்று வெளியே போயாக வேண்டும். இதை மரியாதையாகவே சொல்லலாம்: "சேர்க்கிறோம் சார். இதற்கு இரண்டு வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டோம். காத்திருப்போர் பட்டியல் வசதியை விட்டுவிடலாமா?" இப்படிக் கேட்ட குழுக்களிடம் பெரும்பாலான கைடுகள், "அப்படியா, அப்போது இது வேண்டாம்" என்று சொல்லியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நாள் கணக்கை நம்பிக்கையில் போடுவது

வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று குறைத்துக் கணிப்பது சோம்பேறிகளின் குணம் என்று நினைக்காதீர்கள். எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். தமிழில் திட்டமிடல் மயக்கம் என்று சொல்லலாம். ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு உங்களைப் போன்ற மாணவர்களைப் பற்றியதே. ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று உளவியல் மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? ஏறக்குறைய 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அவர்கள் கற்பனை செய்த மிக மோசமான நிலையையும் நிஜம் தாண்டிவிட்டது.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் எனக்குப் பயன்பட்டிருக்கின்றன. முதலாவது, வேலையை உடைப்பது. "சர்வர் வேலை" என்று ஒரே வரியில் எழுதினால் அதற்கு எந்த எண்ணையும் கூசாமல் எழுதிவிடலாம். அதையே லாகின், இருக்கைகளின் பட்டியல், முன்பதிவு, ரத்து செய்வது, ஒரே இருக்கையை இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால் என்ன செய்வது என்று உடைத்துப் பாருங்கள். அந்தக் கடைசி வரியை எழுதும்போதே வயிற்றைக் கலக்கும். நல்லது. இரண்டு, மூன்று நாளில் ஒருவர் முடிக்கக்கூடிய அளவு வரும்வரை உடைக்கலாம்.

இரண்டாவது, ஒரு எண்ணுக்குப் பதில் மூன்று எண்கள். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் உருவான பெர்ட் முறையில் வருவது இது. எல்லாம் சரியாக நடந்தால் 4 நாள், வழக்கப்படி 6 நாள், சிக்கல் வந்தால் 14 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 4 + 24 + 14 = 42; வகுத்தால் 7 நாள். விடையை விட எனக்குப் பிடித்தது அந்த 14. "ஏன் பதினான்கு?" என்று கேட்டால் குழுவுக்குத் தெரியாத ஒரு பிரச்சினை வெளியே வரும்.

கையில் இருக்கும் நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு வாரத்தில் இரண்டு வாரம் தேர்வுக்குப் போகும். வாரத்துக்கு ஆளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 5 × 8 × 10 = 400 மணி நேரம். அதில்தான் அறிக்கை, ரிவ்யூ ஸ்லைடுகள், மடிக்கணினி பழுதான நாட்கள் எல்லாமே அடங்க வேண்டும்.

ஆளுக்கொரு பாகம் செய்து, கடைசி வாரத்தில் ஒட்டுவது

மாணவர் புராஜெக்டுகளைக் கவிழ்ப்பதில் முதலிடம் இதற்குத்தான். நீ திரைகளைச் செய், நான் சர்வரைச் செய்கிறேன், அவன் தரவுத்தளம், பதினோராவது வாரம் சேர்த்துக்கொள்ளலாம். தனித்தனியாக எல்லாமே ஓடும். சேர்த்ததும் ஓடாது. ஒருவர் தேதியில் நாளை முதலில் எழுதியிருப்பார், இன்னொருவர் மாதத்தை. ஒருவருடைய கோடில் இருக்கை எண் 0-இல் தொடங்கும், இன்னொருவருடையதில் 1-இல்.

அனுபவசாலிகளுக்கும் இது நடக்கும். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கிய நேரத்தில் தொலைந்துபோனது. பூமியில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை அலகில் கொடுத்தது. அதை வாங்கிப் பயன்படுத்திய குழு, அது நியூட்டன் அலகில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. பிழை இரண்டு குழுக்களும் சந்திக்கும் இடத்தில் இருந்தது, அந்த இடத்தை யாரும் சோதிக்கவில்லை.

மூன்றாவது வாரம் முடிவதற்குள் ஒரு மெல்லிய நூலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துவிடுங்கள். ஒரே ஒரு இருக்கை, ஒரே ஒரு பட்டன். அழுத்தினால் சர்வருக்குப் போய், தரவுத்தளத்தில் ஒரு வரி பதிவாகி, திரையில் "பதிவாயிற்று" என்று வர வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கட்டும். அதன்பிறகு சேர்க்கும் ஒவ்வொன்றையும் இந்த நூலில்தான் கோக்க வேண்டும். எங்காவது அறுந்தால் அந்த வாரமே தெரிந்துவிடும்.

எந்த வேலை தாமதமானால் எல்லாமே தாமதமாகும் என்று பார்க்காதது

தரவுத்தளத்துக்கு 4 நாள், அது முடிந்தால்தான் சர்வர், அதற்கு 12 நாள். மொத்தம் 16. திரை வடிவமைப்பு 5 நாள், திரைகளைச் செய்ய 6 நாள். மொத்தம் 11. இரண்டும் முடிந்தபிறகுதான் இணைப்பு. திரைகளைச் செய்பவர் ஐந்து நாள் தாமதித்தாலும் யாருக்கும் பாதிப்பில்லை. சர்வர்காரர் ஒரு நாள் தாமதித்தால் எல்லோருக்கும் ஒரு நாள் போகும். சர்வர் போகும் அந்தப் பாதைக்குத்தான் கிரிட்டிகல் பாத் என்று பெயர். உதவி தேவைப்படுவது யாருக்கு என்று இப்போது தெரிகிறது அல்லவா?

"கிட்டத்தட்ட முடிந்துவிட்டது"

இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குக் கவலை வரும். நான்காவது வாரம் தொண்ணூறு சதவீதம் முடிந்திருக்கும். ஏழாவது வாரமும் அதே தொண்ணூறு. சொல்பவர் பொய் சொல்லவில்லை, மீதி எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை. சதவீதத்தைத் தடை செய்துவிடுங்கள். முடிந்தது, முடியவில்லை, இரண்டே பதில்கள். முடிந்தது என்றால் இன்னொருவர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். வேலைகளை ஏற்கெனவே சிறிதாக உடைத்திருப்பதால், முடிந்தவற்றை எண்ணினாலே எங்கே இருக்கிறோம் என்று புரியும்.

வாரத்துக்கு ஒருமுறை, குறித்த நாளில், பதினைந்து நிமிடம் எல்லோரும் உட்காருங்கள். போன வாரம் என்ன முடிந்தது, இந்த வாரம் என்ன, எது தடுக்கிறது. இதில் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. "என்னால் முடியவில்லை" என்று முதன்முதலில் ஒருவர் சொல்லும்போது குழுத் தலைவர் என்ன முகம் காட்டுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் மீதி வாரங்கள் அமையும். எரிந்து விழுந்தால் அடுத்த வாரத்திலிருந்து எல்லோருக்கும் எல்லாமே "கிட்டத்தட்ட முடிந்துவிடும்". "சரி, எங்கே மாட்டிக்கொண்டாய், யார் கூட உட்கார்ந்தால் சரியாகும்?" என்று கேட்டால் உண்மை தொடர்ந்து வரும்.

பெயர் இல்லாத வேலை

மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கயிறு இழுக்க வைத்துச் செய்த சோதனைகளை 1913-இல் வெளியிட்டார். ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது தலைக்கு ஏறக்குறைய பாதிதான். வாட்ஸ்அப் குரூப்பில் "யாராவது டெஸ்டிங் பண்ணிடுங்க" என்று போட்டால் ஐந்து கட்டைவிரல்கள் வரும், டெஸ்டிங் நடக்காது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர் வேண்டும். இருவர் சேர்ந்து செய்தாலும் பதில் சொல்ல ஒருவர்.

எல்லா வரியிலும் தலைவரின் பெயரே இருப்பது இதன் மறுபக்கம். திறமையான பிள்ளைகள்தான் இதில் விழுகிறார்கள். விளக்கிச் சொல்வதைவிட நானே செய்துவிடலாம் என்று தோன்றும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் புராஜெக்டும் படுத்துவிடும். வைவாவில் மற்ற நால்வரும் பதில் தெரியாமல் நிற்பார்கள்.

என்ன கெடலாம் என்று யோசிக்காமல் இருப்பது

ஆய்வாளர் கேரி க்ளைன் பரப்பிய ஓர் எளிய பயிற்சி உண்டு. முதல் வாரத்திலேயே இப்படிச் சொல்லுங்கள்: "பன்னிரண்டு வாரம் ஓடிவிட்டது. நம் புராஜெக்ட் படுதோல்வி. ஏன்?" ஆளுக்கு ஐந்து நிமிடம், தனித்தனியாக, தாளில். "தோற்றால் என்ன ஆகும்" என்று கேட்டால் தயங்குபவர்கள், "தோற்றுவிட்டது, ஏன்" என்றால் மளமளவென்று எழுதுவார்கள். கோட் ஒரே மடிக்கணினியில் இருந்தது, இலவச சர்வரின் காலம் முடிந்தது, தரவு தருவதாகச் சொன்னவர் தரவில்லை. அவற்றில் மேலே உள்ள மூன்றுக்கு அன்றே ஒரு மாற்று வழியும் ஒரு பெயரும் எழுதிவிடுங்கள்.

மென்பொருள் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டிரெல்லோவா, நோஷனா, ஜிராவா என்று ஒரு வாரம் விவாதித்து, கார்டுகளுக்கு நிறம் கொடுத்து முடிப்பதற்குள் குழு களைத்துவிடும். ஐந்து பேருக்கு எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு ஷீட் போதும்: வேலை, பெயர், முடிய வேண்டிய தேதி, முடிந்த தேதி.

அந்த ஷீட்டில் கடைசியாக உள்ள இரண்டு தேதி நெடுவரிசைகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். அறிக்கைக்கு கான்ட் சார்ட் வரையும்போது ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பட்டை போடலாம், மேலே திட்டமிட்டது, கீழே நடந்தது. இணைப்பு வேலைக்கு ஐந்து நாள் போட்டு ஒன்பது நாள் ஆனது என்றால், அந்த நான்கு நாள் எங்கே போயிற்று, அதற்காக எந்த வசதியை விட்டீர்கள் என்று படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். வைவாவில் நான் முதலில் கேட்பது அந்த நான்கு நாளைப் பற்றித்தான்.