‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ பழைய திகில் படங்களைக் கேலி செய்யும் ஆங்கில நகைச்சுவைப் படம். நண்பர் ஒருவர் இதை இருபது நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். “1974ல கலர் வந்தாச்சே, இது என்ன கறுப்பு வெள்ளையா இருக்கு? பிரிண்ட் சரியில்லையோ?” என்று கேட்டார். டிவியில் பிரைட்னஸை வேறு ஏற்றிப் பார்த்திருக்கிறார். அந்த இருட்டுக்காகத்தான் சண்டையே நடந்தது என்று அவருக்கு யார் சொல்வது? கறுப்பு வெள்ளைக்கு கொலம்பியா ஸ்டூடியோ ஒப்பவில்லை. இயக்குநர் மெல் புரூக்ஸ் படத்தைத் தூக்கிக்கொண்டு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் கேலி செய்ய எடுத்துக்கொண்டவை 1930களில் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த திகில் படங்கள். அதே நிழல், அதே மூடுபனி, வட்டமாகச் சுருங்கி மறையும் அதே காட்சி முடிவுகள் இதிலும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் பொறி பறக்கவிடும் கருவிகளோ பழசைப் பார்த்துச் செய்த நகல்கூட அல்ல. 1931ல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்துக்கு அவற்றைச் செய்துகொடுத்த கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் அப்போதும் தன் கராஜில் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். புரூக்ஸ் அவற்றையே வாங்கி வந்து ஓடவிட்டார். ஆகவே பிரைட்னஸைத் தொடாதீர்கள்.

அடுத்தது எல்லோரும் செய்கிற தவறு: ஃபிராங்கன்ஸ்டைன் என்பது இந்தப் படங்களில் ஆய்வுக்கூடத்தில் உயிரூட்டப்படும் பூதத்தின் பெயர் என்று நினைப்பது. அது அதை உண்டாக்கியவரின் பெயர். மேரி ஷெல்லி 1818ல் எழுதிய நாவலில் அந்தப் படைப்புக்குப் பெயரே கிடையாது. இந்தக் குழப்பமும் புதிதல்ல. 1939ல் வந்த ‘சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்திலேயே, என் அப்பா செய்த பூதத்துக்கு என் குடும்பப் பெயரை வைத்துவிட்டார்களே என்று மகன் ரயிலில் உட்கார்ந்து புலம்புவார்.

‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் ஜீன் வைல்டர் நடித்த டாக்டர் பேரனுக்கும் தாத்தாவின் பெயரால்தான் தலைவலி. யாராவது ‘ஸ்டைன்’ என்றால் போதும், ‘ஸ்டீன்’ என்று திருத்துவார். தமிழில் நாம் இரண்டையும் எழுதிக் கலந்துவைத்திருப்பதால் இந்த நகைச்சுவை நம் காதில் சறுக்கிப் போகிறது. ஜெர்மன் உச்சரிப்பில் அந்தப் பெயரில் வரும் ‘ei’க்கு ‘ஐ’ ஒலிதான். ஆக, திருத்துகிறவர்தான் தப்பு. பதிலுக்கு வேலைக்காரர் தன் பெயரை ‘ஈகோர்’ அல்ல ‘ஐகோர்’ என்று திருத்துவது அதனால்தான். முட்டை விழிகளோடு மார்ட்டி ஃபெல்ட்மன் அதைச் சொல்லும் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த ஈகோரைத் தேடிக்கொண்டு 1931 படத்துக்குப் போகாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். அதில் வரும் கூனல் முதுகு உதவியாளன் பெயர் ஃப்ரிட்ஸ். ‘இகோர்’ என்ற பெயர் 1939 படத்தில்தான் வருகிறது. அங்கே பெலா லுகோசி நடித்த அந்த ஆளுக்குக் கூனல் இல்லை. தூக்கில் போட்டும் சாகாததால் கழுத்துதான் ஒடிந்து கோணியிருக்கும். ஊர் விஷயமும் இப்படித்தான். பேரன் போய் இறங்குவது டிரான்சில்வேனியாவில். அது டிராகுலாவின் ஊர். ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் ஜெனீவாக்காரர், படித்தது இங்கோல்ஸ்டாட்டில்.

நான் பெரிதாக நினைக்கும் தவறு ஒன்று உண்டு: மூலப் படங்களைப் பார்க்காமல் நேராக இதற்கு வருவது. பார்க்காவிட்டாலும் சிரிப்பு வரும், மறுக்கவில்லை. பார்வையற்ற துறவியாக ஜீன் ஹேக்மன் வரும் காட்சியில் கொதிக்கும் சூப்பைப் பூதத்தின் மடியில் ஊற்றுவார், கோப்பையை மோதி உடைப்பார், சுருட்டு என்று நினைத்து அதன் கட்டைவிரலைப் பற்றவைப்பார். யார் பார்த்தாலும் சிரிப்பார்கள். ஆனால் 1935ல் ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் இதே துறவி வயலின் வாசித்து, ஊரே விரட்டிய பூதத்துக்கு ரொட்டியும் மதுவும் கொடுத்து, ‘நண்பன்’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுப்பார். தொண்டை அடைக்கும் காட்சி அது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் இந்தச் சூப் வேறு விதமாகச் சுடும்.

சில இடங்களில் எது மூலம், எது கேலி என்றே பிடிபடாது. மரக்கை இன்ஸ்பெக்டர் அம்பு எறியும் விளையாட்டின்போது மீதி அம்புகளைத் தன் கையிலேயே குத்தி வைத்துக்கொள்கிறாரே, அது புரூக்ஸின் குறும்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. 1939 படத்தில் லயனல் ஆட்வில் முகம் சுளிக்காமல் அதையே செய்கிறார். புரூக்ஸ் சேர்த்தது, கண்மூடித் துணிக்கு மேல் ஓர் ஒற்றைக்கண் கண்ணாடி.

‘பிளேஸிங் சாடில்ஸ்’ படத்தை எடுத்தவர் ஆயிற்றே என்று அதே அமளியை எதிர்பார்ப்பதும் சரிவராது. இரண்டும் 1974லேயே வந்தவைதான். அந்தப் படம் செட்டை உடைத்துக்கொண்டு வெளியே ஓடும். இது ஈகோரின் ஓரிரு கேமராப் பார்வைகளைத் தவிர எல்லைக்குள் நிற்கும். காரணம், யோசனை ஜீன் வைல்டருடையது, திரைக்கதையிலும் அவருக்குப் பங்கு. நீங்கள் திரையில் வரக்கூடாது என்று புரூக்ஸிடமே சொல்லிவிட்டார். டாக்டரும் பூதமும் கோட்டும் தொப்பியுமாக ‘புட்டிங் ஆன் த ரிட்ஸ்’ பாட்டுக்கு ஆடும் காட்சியை, இது அளவுக்கு மீறிய கூத்து என்று புரூக்ஸ் வேண்டாமென்றார். வைல்டர் விடாமல் வாதாடி வாங்கினார். இன்று படத்தின் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆட்டம்தான்.

கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் ஃப்ராவ் ப்ளூகர் அம்மாளின் பெயரைக் கேட்டாலே குதிரைகள் கனைக்குமல்லவா? ‘ப்ளூகர்’ என்றால் ஜெர்மனில் பசை, குதிரையைக் கொன்றுதான் பசை காய்ச்சுவார்கள் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. நம்பாதீர்கள். பசைக்கு ஜெர்மன் சொல் வேறு. ப்ளூகர் குடும்பப் பெயர். 1815ல் வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரஷ்யத் தளபதிக்கும் அதே பெயர்தான். அம்மணியைக் கண்டால் குதிரைக்குக்கூட நடுக்கம், அவ்வளவுதான்.

சப்டைட்டிலை மட்டும் நம்பி உட்கார்ந்தால் சொல் விளையாட்டில் பாதி போய்விடும். ஓநாய் மனிதனைக் குறிக்கும் ‘வேர்வுல்ஃப்’ என்பதை ‘வேர் வுல்ஃப்’, அதாவது ‘ஓநாய் எங்கே’ என்று எடுத்துக்கொண்டு ஈகோர் ‘தேர் வுல்ஃப்’ என்று கை காட்டுவதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன், தேறவில்லை. ஆனால் ‘வாக் திஸ் வே’ என்று சொல்லிவிட்டு அவர் விந்தி நடப்பதும், டாக்டர் கையில் குட்டைத் தடியைக் கொடுத்து அதேபோல் நடக்கவைப்பதும் இருக்கிறதே, அதற்கு நம்மிடம் ‘இப்படி வாங்க’ அச்சாகப் பொருந்துகிறது. இந்தப் பக்கம் என்றும் கொள்ளலாம், இந்த மாதிரி என்றும் கொள்ளலாம்.

பழைய கறுப்பு வெள்ளைக் காமெடி என்று குழந்தைகளோடு கூடத்தில் போட்டுவிடாதீர்கள். வசனமெல்லாம் இரட்டை அர்த்தம். குகைக்குள் டாக்டருக்கு நிச்சயிக்கப்பட்ட எலிசபெத்தைப் பூதம் கட்டாயப்படுத்துவதும், அவள் மறுத்துவிட்டுப் பிறகு மகிழ்ந்து பாடுவதும் இன்று பார்க்கையில் நெருடுகிறது. எலிசபெத்தாக மேடலின் கான் எத்தனை அழகாக நடித்திருந்தாலும் எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை.

மூலப் படங்கள் மூன்றையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் பலரும் முதல் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். நான் 1939 படத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். மற்ற இரண்டைவிடச் சற்று இழுவைதான். ஆனால் ரயிலில் ஊர் வந்து சேரும் வாரிசும், மரக்கை இன்ஸ்பெக்டரும், இகோரும் அங்கிருந்துதான் வந்திருக்கிறார்கள்.