துறைமுக சுகாதாரப் படிவத்தை நிரப்புவது எப்படி? புது தேர்ட் ஆபீசர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக் கப்பல் இந்தியத் துறைமுகத்தை நெருங்கும்போது, அங்கே கப்பலின் வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் ஏஜென்டிடமிருந்து நீளமான மின்னஞ்சல் ஒன்று வரும். அதில் கேட்கும் காகிதங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கும். தேதியையும் துறைமுகப் பெயரையும் மாற்றினால் போதும். அப்படிச் செய்யவே கூடாத ஒன்று, கப்பலில் நோய் உண்டா என்று துறைமுகத்துக்குச் சொல்லும் கடல்சார் சுகாதார அறிவிப்பு (Maritime Declaration of Health). கப்பலில் எம்.டி.ஹெச். என்றுதான் சொல்வார்கள். மொத்தம் ஒன்பது கேள்விகள், எல்லாவற்றுக்கும் ஆம் அல்லது இல்லை. பார்க்க எளிமையாக இருப்பதால்தான் புதிதாக வந்த இளைய அதிகாரியான தேர்ட் ஆபீசரின் தலையில் கட்டுகிறார்கள்.

கோவிட் அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. பி.சி.ஆர். பரிசோதனையும் 14 நாள் காத்திருப்பும் போய்விட்டன, ஆனால் படிவம் போகவில்லை. அது கோவிடுக்காக வந்ததே அல்ல. 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளில் இருப்பது. 2024 ஆகஸ்டில் குரங்கம்மைக்கு அவசரநிலை அறிவித்தபோதும் பயன்பட்டது இதே படிவம்தான். அந்த ஒழுங்குவிதிகளை 2024இல் திருத்தியிருக்கிறார்கள். அதனால் கப்பலில் கிடக்கும் பழைய பிரதியை எடுக்காமல் ஏஜென்ட் அனுப்பும் படிவத்திலேயே நிரப்புங்கள்.

விளக்குவதற்கு ஒரு கற்பனைப் பயணத்தை வைத்துக்கொள்வோம். நிலக்கரி ஏற்றிய பல்க் கேரியர் 2ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பேயை விடுகிறது. மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் பங்கர் (கப்பலுக்கான எரிஎண்ணெய்) எடுத்துக்கொண்டு 8ஆம் தேதி கிளம்புகிறது. 16ஆம் தேதி தூத்துக்குடி வந்து சேர்கிறது.

படி 1: நாலு காகிதங்கள்

க்ரூ லிஸ்ட் (கப்பல் ஊழியர் பட்டியல்), மெடிக்கல் லாக் (நோய், மருந்து விவரம் எழுதும் புத்தகம்), துறைமுகப் பட்டியல், கப்பல் சானிடேஷன் சான்றிதழ் (கப்பலின் சுகாதாரச் சான்றிதழ்). இந்த நாலும் கையில் இல்லாமல் படிவத்தைத் திறக்காதீர்கள். மெடிக்கல் லாக் பெரும்பாலும் செகண்ட் ஆபீசரிடம் இருக்கும். "ஒண்ணும் இல்லப்பா, எல்லாம் நார்மல்" என்று அவர் வாயால் சொல்வதை நம்பி எழுத வேண்டாம். புத்தகத்தை வாங்கிப் பாருங்கள்.

படி 2: தலைப்பகுதி

கப்பல் பெயர், ஐ.எம்.ஓ. (சர்வதேச கடல்சார் அமைப்பு) எண், கொடி, கிராஸ் டன்னேஜ் (கப்பலின் மொத்தக் கொள்ளளவு) எல்லாம் உங்களுக்கே தெரியும். தேதி எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05-06 என்று எழுதினால் ஓர் ஊரில் ஜூன் 5, இன்னோர் ஊரில் மே 6.

சானிடேஷன் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். பரிசோதனை செய்ய வழியில்லாத துறைமுகத்தில் ஒரு மாதம் நீட்டித்துத் தருவார்கள். எல்லாத் துறைமுகத்துக்கும் இதை வழங்கும் அதிகாரம் கிடையாது, அதனால் ஐந்தாம் மாதமே அடுத்து எங்கே எடுக்கலாம் என்று பார்த்துவையுங்கள்.

படி 3: துறைமுகப் பட்டியல்

பயணம் தொடங்கியதிலிருந்து, அல்லது கடந்த முப்பது நாளில், இரண்டில் எது குறைவோ அந்தக் காலத்துக்குள் தொட்ட துறைமுகங்களையும் அவற்றை விட்ட தேதிகளையும் படிவம் கேட்கிறது. பயணம் எங்கே தொடங்கியது என்று கப்பலில் பட்டிமன்றமே நடக்கும். சரக்கு ஏற்றிய இடமா, அதற்கு முன் காலியாகக் கிளம்பிய இடமா? என் வழி: வாதமே வேண்டாம், முப்பது நாளுக்கும் எழுதிவிடுவது. கூடுதலாக எழுதியதற்காக யாரும் கப்பலை நிறுத்துவதில்லை.

அடுத்தது பங்கர் நிறுத்தம். போர்ட் லூயிஸில் கப்பல் வெளி ஆங்கரேஜில்தான் (துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிடும் இடம்) நின்றது, யாரும் கரைக்குப் போகவில்லை. இதை எழுத வேண்டுமா? 2020இல் இந்தக் கேள்விக்கு ஆறு நாள் விலை. அப்போது பல துறைமுகங்கள் கடைசி வெளிநாட்டுத் துறைமுகத்தை விட்ட நாளிலிருந்து 14 நாள் எண்ணின. ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து எண்ணினால் 16ஆம் தேதி சரியாக முடிந்துவிடும், நேராக உள்ளே போகலாம். போர்ட் லூயிஸிலிருந்து எண்ணினால் 22ஆம் தேதிவரை நங்கூரத்தில் கிடக்க வேண்டும். "அங்கே சும்மா எண்ணெய்தானே எடுத்தோம்" என்று சொல்லத் தோன்றுவது எதனால் என்று புரிகிறதா?

எழுதித்தான் ஆக வேண்டும். கப்பல் போன தடம் முழுக்க, கப்பலின் இருப்பிடத்தைத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ்.ஸில் இருக்கிறது. பங்கர் ரசீதில் துறைமுகமும் தேதியும் இருக்கின்றன. போதாததற்கு, கஸ்டம்ஸுக்கு நீங்களே கொடுக்கும் எண்ணெய்க் கணக்கு அந்த ரசீதோடு ஒத்துப்போக வேண்டும். சுகாதார அதிகாரிக்கு ஒரு கதை, கஸ்டம்ஸுக்கு ஒரு கதை என்று ஓட்ட முடியாது. போர்ட் லூயிஸ் என்று எழுதி, பக்கத்தில் "வெளி ஆங்கரேஜில் பங்கர் மட்டும், யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை" என்று ஒரு வரி ஆங்கிலத்தில் சேருங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்து முடிவெடுப்பது அவர்கள் வேலை.

படி 4: ஒன்பது கேள்விகள்

பயணத்தில் விபத்தல்லாமல் யாராவது இறந்தார்களா என்பது முதல் கேள்வி. மூன்றாவது நோயுற்ற பயணிகளின் எண்ணிக்கை பற்றியது, சரக்குக் கப்பலில் 'இல்லை' என்று போட்டுவிட்டு நகரலாம். எட்டாவது திருட்டுத்தனமாக ஏறியவர்கள் பற்றியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தால், கிளம்பும் முன் கப்பலைச் சோதித்த குறிப்பைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். ஒன்பதாவது நோயுற்ற விலங்கு. கப்பல் பூனையின் காலம் முடிந்து எத்தனையோ வருடமாகிறது, கேள்வி மட்டும் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது கேள்விகளைச் சேர்த்தே படியுங்கள். தொற்றுநோய் என்று சந்தேகப்படும்படி யாராவது இருந்தார்களா, இப்போது யாராவது நோயுற்றிருக்கிறார்களா, மருத்துவரிடம் ஆலோசனை கேட்டீர்களா. கப்பலில் டாக்டர் இல்லையென்றால் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று படிவத்தின் அடியிலேயே குறிப்பு உண்டு. பல நாள் நீடிக்கும் காய்ச்சல், அல்லது காய்ச்சலோடு இருமல், மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, கழலை வீக்கம் போன்றவை. காய்ச்சல் இல்லாவிட்டாலும் திடீரென வந்த தோல் தடிப்பு, கடும் வாந்தி, கடும் பேதி, திரும்பத் திரும்ப வரும் வலிப்பு. கடல் ஒவ்வாமையால் வரும் வாந்தி கணக்கில் இல்லை. ரோமில் இருக்கும் ரேடியோ மருத்துவ மையத்துக்குக் கப்பலிலிருந்து மின்னஞ்சல் அனுப்பி மருந்து கேட்டிருந்தாலும் அது மருத்துவ ஆலோசனைதான். ஐந்தாவதுக்கு 'ஆம்' போடுங்கள்.

இனி ஏழாவது. என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இதுதான். தனிமைப்படுத்தல், கிருமிநீக்கம் போன்ற சுகாதார நடவடிக்கை ஏதாவது கப்பலில் எடுக்கப்பட்டதா?

கோவிட் காலத்தில் பல கம்பெனிகளில் ஒரு நடைமுறை இருந்தது. புதிதாக சைன் ஆன் செய்தவர்கள் (வேலைக்குக் கப்பல் ஏறியவர்கள்) 14 நாள் அவரவர் கேபினிலேயே இருக்க வேண்டும், சாப்பாடு கதவுக்கு வெளியே வைக்கப்படும். யாருக்கும் நோய் இல்லை, வெறும் முன்னெச்சரிக்கை. இதற்கு 'ஆம்' போடுவதா, 'இல்லை' போடுவதா? பெரும்பாலான கப்பல்களில் கேப்டன் சொன்ன பதில் 'இல்லை'. காரணம் பயம்தான். 'ஆம்' என்று ஒன்று இருந்தாலே துறைமுகம் கேள்வி கேட்கும், க்ரூ சேஞ்ச் (பழையவர்கள் இறங்கிப் புதியவர்கள் ஏறுவது) ரத்தாகலாம். ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் சுமார் 4 லட்சம் மாலுமிகள் கடலில் இருப்பதாக ஐ.எம்.ஓ. சொன்ன காலம் அது. இந்திய மாலுமிகள் இந்தியத் துறைமுகங்களில் ஏறி இறங்குவதற்கான நடைமுறையை உள்துறை அமைச்சகம் வெளியிட்டதே 2020 ஏப்ரல் 21 அன்றுதான். வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருப்பவர்களை வைத்துக்கொண்டு 'ஆம்' எழுத யாருக்குக் கை வரும்?

ஆனாலும் 'ஆம்' என்பதுதான் சரி. கேள்வி நோயைக் கேட்கவில்லை, நடவடிக்கையைக் கேட்கிறது. இன்னொன்றும் உண்டு. அப்போதெல்லாம் ஏஜென்டுக்கு அனுப்பும் இதே மின்னஞ்சலோடு க்ரூவின் தினசரி உடல்வெப்பப் பதிவும் போகும். அதில் புதிதாக ஏறியவர்கள் பெயருக்கு நேரே 'கேபின் தனிமை' என்று கம்பெனி படிவத்திலேயே அச்சிட்டிருக்கும். படிவத்தில் 'இல்லை', இணைப்பில் 'தனிமை'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் துறைமுக சுகாதார டாக்டர் உங்கள் மற்ற எட்டுப் பதில்களையும் எப்படி நம்புவார்?

வகை, இடம், தேதி மூன்றையும் படிவம் கேட்கும். "முன்னெச்சரிக்கைத் தனிமை, புதிதாக ஏறிய 4 பேர், அவரவர் கேபின், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, யாருக்கும் அறிகுறி இல்லை, முடிந்தது" என்ற அளவில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். கேப்டன் மறுத்தால் உடல்வெப்பப் பதிவை அவர் முன்னால் வையுங்கள். கையெழுத்து அவருடையது, முடிவும் அவருடையது.

ஆறாவதும் இதே ரகம். நோய் பரவ வழிசெய்யும் நிலை ஏதாவது கப்பலில் இருக்கிறதா? குடிநீர்த் தொட்டி, எலி, கரப்பான் எல்லாம் இதில் அடக்கம். சமையலறையை ஒருமுறை சுற்றி வந்துவிட்டுப் பதில் போடுங்கள்.

படி 5: இணைப்பு அட்டவணை

எந்த நோயாளியையாவது குறிப்பிட்டிருந்தால் அவர் பெயர், வயது, பணி, கப்பலில் ஏறிய இடமும் தேதியும், அறிகுறி தொடங்கிய நாள், கொடுத்த மருந்து எல்லாம் இங்கே. மெடிக்கல் லாக்கில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

படி 6: கையெழுத்து, ஸ்கேன், அனுப்புதல்

பி.டி.எஃப். கட்டங்களுக்குள் தட்டச்சு செய்வதை நான் வெறுக்கிறேன், பாதி எழுத்து வெட்டுப்படும். எக்ஸெல்லில் ஒரு தாளில் க்ரூ விவரமும் துறைமுகத் தேதிகளும் வைத்துக்கொண்டு எல்லாப் படிவங்களுக்கும் அதிலிருந்தே எடுப்பது நல்லது. ஒரு தேதி தவறினால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் திருத்தலாம். ஸ்கேன் கறுப்பு வெள்ளையில் போதும். கலரில் எடுத்துப் பெரிய கோப்பாக அனுப்பினால் சாட்டிலைட் இணைப்பில் அது போய்ச்சேர ஒரு வாட்ச் (ஒருவரின் பணிமுறை நேரம்) முடிந்துவிடும்.

இப்போது, எல்லாத் துறைகளுக்கும் வேண்டிய காகிதங்களை ஒரே இணையதளத்தில் கொடுக்கும் மின்வழி ஒற்றைச் சாளர முறை 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். எனக்குத் தெரிந்தவரை போர்ட்டலில் ஏற்றுவது ஏஜென்ட்தான், உங்கள் வேலை சரியான காகிதத்தை நேரத்துக்கு அவரிடம் சேர்ப்பது.

படி 7: மஞ்சள் கொடி

துறைமுக சுகாதார அமைப்பின் அனுமதி வரும்வரை கியூ கொடி பறக்க வேண்டும். தனி மஞ்சள் நிறம். "என் கப்பல் நோயின்றி இருக்கிறது, அனுமதி கேட்கிறேன்" என்பது அதன் பொருள். இரவில், விளக்கு கேட்கும் துறைமுகங்களில், வெள்ளை விளக்குக்கு மேல் சிவப்பு விளக்கு. அனுமதி வரும் முன் ஏஜென்டே ஆனாலும் கேங்வேயில் (கப்பலில் ஏறும் படிக்கட்டு) ஏற்றாதீர்கள், கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட்டுக்கு விலக்கு உண்டு. இந்த அனுமதிக்காகக் கேப்டன் பரபரப்பதில் பணமும் இருக்கிறது. சில ஒப்பந்தங்களில் சுகாதார அனுமதி இல்லாமல் கொடுத்த தயார்நிலை அறிவிப்பு (சரக்கைக் கையாளக் கப்பல் தயார் என்று சொல்வது) செல்லாது, சரக்கு இறக்கும் நேரக் கணக்கும் ஓடத் தொடங்காது.

பின்சேர்க்கை 1: அம்மை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். சின்னம்மை வந்து ஆறிவிட்டாலும் பயணத்தின்போது வந்திருந்தால் இரண்டாவது கேள்விக்கு 'ஆம்'. குரங்கம்மை அறிவிப்புக்குப் பிறகு தோல் தடிப்பு என்றாலே கூர்ந்து பார்க்கிறார்கள். தடிப்பின் படத்தைத் தேதியோடு எடுத்து வையுங்கள், டாக்டர் கேட்டால் உதவும்.

பின்சேர்க்கை 2: உடல்வெப்பம் அளக்க நெற்றிக்கு நேரே காட்டும் கருவியா, நாக்கடியில் வைப்பதா? எனக்கு நாக்கடிதான். டெக்கில் வெயிலில் நின்றுவிட்டு வந்தவரை நெற்றிக் கருவி காய்ச்சல்காரர் ஆக்கிவிடும். வேறு கருவி இல்லையென்றால் அவரைக் கொஞ்ச நேரம் ஏ.சி.யில் உட்கார வைத்துவிட்டு அளங்கள்.

பின்சேர்க்கை 3: பிரேசில், நைஜீரியா பக்கம் போய் வருபவர்களுக்கு: இந்தியா கோவிடுக்கு வெகு காலம் முன்பிருந்தே மஞ்சள் காய்ச்சல் விஷயத்தில் கறார். ஊசிச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லத் தொடங்கும், அதனால் கிளம்பும் வாரம் ஓடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். 2016 ஜூலையிலிருந்து சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய மஞ்சள் அட்டையில் பத்து வருடம் என்று எழுதியிருந்தாலும் மறுபடி போட வேண்டியதில்லை.