துவான்திங்: ஆதாரத்தை முன்னால் வைத்தபின் சரியானது

சீனத்தில் ஒன்றை அடித்துச் சொல்ல 'துவான்திங்' என்றொரு வினை உண்டு. இரண்டு அசையும் நான்காம் தொனி. குரல் சட்டென்று இறங்க வேண்டும். பொருள் தெரிந்தும் என் வாக்கியங்கள் ஜோசியம் சொல்வது போலவே இருந்தன.

அப்புறம் வரிசையை மாற்றினேன். முதலில் 'கன்ஜ்யு', அதாவது 'இதை வைத்து'. அடுத்து ஆதாரம்: காலடித்தடம். பிறகு 'போலீஸ் துவான்திங்', கடைசியில் 'திருடன் ஜன்னல் வழியாக வந்தான்'. நம் 'என்று' போல இணைப்புச் சொல் எதுவும் வேண்டாம். முழு வாக்கியமும் வினைக்குப் பின்னால் நேராக வந்து உட்காரும். வெறும் அபிப்பிராயமா? 'ஜ்யுவெத', அதாவது 'எனக்குத் தோன்றுகிறது', போதும், பேச்சில் அதுதான் ஓடும்.

ஆதாரம் போதாவிட்டால் 'ஹன் நான் துவான்திங்', உறுதியாகச் சொல்வது கஷ்டம். உண்மையில் எனக்கு அதிகம் கைகொடுப்பது இந்த வடிவம்தான்.