கடல் குழாய்ப்புழுவை இனம் காண்பது எப்படி: குழாயில் தொடங்கி மூடியில் முடியுங்கள்

புழுவைத் தேடும் முன் அதன் வீட்டைத் தொட்டுப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சேறும் சளியும் கலந்து, ரப்பர் போல வளையும் குழாய் என்றால் பெரும்பாலும் சபெல்லிடே குடும்பம். மணலை ஒட்டித் தேன்கூடு போலப் பாறையில் கட்டியிருந்தால் சபெல்லாரிடே. மணலில் தனியாகக் கிடக்கும், ஒற்றை மணல்மணியளவே தடிமனுள்ள கூம்புக் குழாய் பெக்டினாரிடேயின் வேலை. காகிதத்தோல் போன்ற குழாய் மணலுக்குள் 'ப' எழுத்தைப் போல வளைந்திருந்தால் கீட்டாப்டெரஸ். சிப்பித் துண்டுகளை ஒட்டிக்கொண்டு மணலுக்கு மேல் நீட்டி நிற்பது டயோபாட்ரா.

துறைமுகத் தூணிலும் படகின் அடியிலும் ஒட்டும் வெள்ளைக் குழாய்தான் சிக்கலானது. உடைந்த துண்டில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும், அப்படியானால் சுண்ணாம்பு. ஆனால் சுண்ணாம்புக் குழாயெல்லாம் புழுவுடையது அல்ல. வெர்மெட்டிட் என்ற நத்தையும் இதே மாதிரி கட்டும். குழாயின் உட்புறம் பீங்கான் போலப் பளபளத்தால் நத்தை, மங்கலாக இருந்தால் புழு. உயிரோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம்: இறகுக் கொண்டை விரிப்பது புழு, சளிவலை வீசுவது நத்தை. இந்தச் சுண்ணாம்புப் புழுக்கள்தான் செர்புலிடே குடும்பம்.

இனி புழுவை வெளியே எடுக்க வேண்டும். நேராக ஃபார்மலினில் போட்டால் கொண்டையை உதறிவிடும். அதோடு இனம் காண வேண்டிய உறுப்பே போய்விடும். அதனால் முதலில் மயக்குங்கள். ஒரு லிட்டர் நன்னீரில் 75 கிராம் படிக மெக்னீசியம் குளோரைடைக் கரைத்து, அதே அளவு கடல்நீர் சேர்த்து, குழாயோடு 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். தொட்டாலும் கொண்டை உள்ளே போகவில்லை என்றால் தயார். குழாயின் பின்முனையிலிருந்து சிறு சிறு துண்டாக உடைத்து வாருங்கள். முன்பக்கம் பிடித்து இழுத்தால் வயிறு அறுந்து உள்ளேயே நின்றுவிடும். நிறம் பதனத்தில் நிற்காது, ஆகவே இப்போதே படம் எடுங்கள்.

பதனப்படுத்த 100 மில்லி ஃபார்மலினை 900 மில்லி கடல்நீரில் கலந்து, ஒரு தேக்கரண்டி வெண்காரம் போடுங்கள். வெண்காரம் இல்லாவிட்டால் அமிலம் ஏறி, சுண்ணாம்பு மூடியும் குழாயும் கரையும். 24 மணி நேரம் கழித்துக் கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். டிஎன்ஏ பார்க்கும் எண்ணமிருந்தால் ஒரு பகுதியை ஃபார்மலினில் காட்டாமல் 95 சதவீத எத்தனாலில் வையுங்கள்.

நுண்ணோக்கியின் கீழ் உடல் மூன்றாகப் பிரியும்: செவுள் இழைகளாலான கொண்டை, கழுத்துப்பட்டையும் மென்சவ்வும் உள்ள மார்பு, பின்னால் வயிறு. மார்பில் மயிர்முள் உள்ள கண்டங்களை எண்ணுங்கள். செர்புலிடேயில் வழக்கமாக 7, சபெல்லிடேயில் பெரும்பாலும் 8. சில மில்லிமீட்டர் அகலத்தில் சுருண்ட குழாயும், மூன்று நான்கு கண்டங்களும், இடவல ஒழுங்கு குலைந்த உடலும் இருந்தால் ஸ்பைரோர்பிஸ் வகை. அது முன்பு தனிக்குடும்பம், இப்போது செர்புலிடேக்குள்ளேயே அடக்கம். மார்பில் மேலே மயிர்முள், கீழே கொக்கிமுள். வயிற்றில் இது தலைகீழாக மாறும். மார்பு எங்கே முடிகிறது என்ற குழப்பத்துக்கு இதுதான் மருந்து.

பேரினத்தைச் சொல்வது மூடி. செவுள் இழை ஒன்று உருமாறி, புழு உள்ளே போனதும் குழாயின் வாசலை அடைக்கும் உறுப்பு இது. வெறும் புனல் என்றால் செர்புலா. புனலின் மேல் முட்கிரீடம் ஏறியிருந்தால் ஹைட்ராய்டஸ். சுண்ணாம்புத் தட்டும் காம்பில் இறக்கையும் இருந்தால் ஸ்பைரோபிராங்கஸ். மூடியே இல்லாவிட்டால் பதற வேண்டாம், புரொடுலாவுக்கு இயல்பிலேயே கிடையாது. ஆனால் ஹைட்ராய்டஸ் இழந்த மூடியை மீண்டும் வளர்க்கும்போது, இடையில் செர்புலா மாதிரியே காட்டிவிடும். ஒற்றைப் புழுவை நம்பாமல் ஐந்தாறையாவது பாருங்கள்.

இந்தியத் துறைமுகங்களின் ஹைட்ராய்டஸ் எலிகன்ஸ், 1883-இல் விலங்கியலாளர் ஹாஸ்வெல் சிட்னியிலிருந்து விவரித்த சிற்றினம். குளிர்ந்த ஐரோப்பியக் கடலின் வேறொரு சிற்றினமான ஹைட்ராய்டஸ் நார்வெஜிகஸ் என்ற பெயரிலேயே பழைய கட்டுரைகள் பலவற்றில் அது கிடக்கிறது. பிரித்தறியக் கழுத்துப்பட்டை முட்களைக் கிளிசரினில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். இரண்டு பெரிய பற்களோடு சிறுபற்களின் கூட்டமும் இருந்தால் எலிகன்ஸ்.

மன்னார் வளைகுடாப் பவளத்தில் கிறிஸ்துமஸ் மரம் போல விரியும் ஸ்பைரோபிராங்கஸைப் படம் மட்டும் எடுங்கள். அதன் குழாய் பவளத்துக்குள் புதைந்திருக்கும்; பவளத்தை உடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.