வீட்டு ரெய்டு சர்வர்: டிஸ்க்கைக் கண்காணிப்பதில் நேரும் தவறுகள்

நான்கு ஹார்டு டிஸ்க்குகளை ரெய்டு 5 முறையில் ஒரே சேமிப்பிடமாக இணைத்துவிட்டால், ஒன்று செத்தாலும் கோப்புகள் பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்று செத்துவிட்டது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாகர்கோவிலில் என் வீட்டு சர்வர் ஏறக்குறைய ஆறு வாரம் மூன்று டிஸ்க்குகளை வைத்தே ஓடியது. எச்சரிக்கை அஞ்சல் அனுப்பும் கணக்கின் கடவுச்சொல்லை நானே மாற்றியிருந்தேன். சர்வரில் மாற்ற மறந்துபோனேன். லினக்ஸில் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் தற்செயலாகத் திறந்தபோது, இயங்கும் டிஸ்க்குக்கு ஒன்று வீதம் நான்கு யூ (U) எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று யூவும் ஒரு அடிக்கோடும் இருந்தன. எச்சரிக்கையை அமைப்பதோடு நிறுத்தாமல், ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்மின் (mdadm), டிஸ்க்கின் உடல்நிலையைக் கவனிக்கும் ஸ்மார்ட்டி (smartd) ஆகிய இரண்டு நிரல்களிலும் உள்ள சோதனை அஞ்சல் வசதியை மாதம் ஒருமுறை இயக்கி, அஞ்சல் கைப்பேசிக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பதே முறை.

அடுத்த தவறு, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையின் தலைப்பில் வரும் ‘பாஸ்டு’ என்ற சொல்லை நம்பி நிம்மதியடைவது. தயாரிப்பாளர் வைத்த எல்லையை எந்த அளவீடும் இன்னும் தாண்டவில்லை என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. பார்க்க வேண்டியவை 5, 197, 198 ஆகிய வரிசைகளின் கடைசி எண்கள். இவற்றில் 197 என்பது, படிக்க முயன்று தோற்றுப்போய், முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை; 198 என்பது சரிசெய்ய முடியாத செக்டர்களின் எண்ணிக்கை. அதே இடத்தில் மறுபடி எழுதும்போது அந்தச் செக்டர் தேறிவிடலாம், அல்லது மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்டு 5ஆம் வரிசையில் ஏறலாம். இன்று 8 என்று இருப்பதைவிட, சென்ற வாரம் 8 ஆக இருந்தது இன்று 24 ஆகியிருப்பதே கவலைக்குரியது. ஆகவே எண்களைத் தேதியோடு குறித்து வைக்காதவர் கண்காணிக்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். இவை சுத்தமாக இருந்தாலும் உத்தரவாதமில்லை: கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை.

மாறாக, டிஸ்க்குக்கும் சர்வருக்கும் இடையே தரவு செல்லும்போது நேரும் பிழைகளை எண்ணும் 199ஆம் வரிசை ஏறுவதைக் கண்டு நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிபவர்களும் உண்டு. அது பெரும்பாலும் கேபிளின் குற்றம். குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் ஜன்னல் கம்பியையே தின்றுவிடும் உப்புக்காற்று, சாட்டா இணைப்பின் மெல்லிய தகடுகளை மட்டும் விட்டுவைக்குமா? கேபிளை மாற்றிய பின்னும் பழைய எண் பூச்சியத்துக்குத் திரும்பாது. மேலும் ஏறாமல் நின்றால் போதும்.

பழைய திருமண வீடியோக்களை ஆண்டுக்கணக்கில் யாரும் திறப்பதில்லை. அவை இருக்கும் பகுதியில் செக்டர் கெட்டிருந்தால், வேறொரு டிஸ்க் செத்து, அதன் தரவைப் புது டிஸ்க்கில் மீட்டெழுதும் மறுகட்டுமானம் நடக்கும்போதுதான் அது வெளிப்படும். எல்லா டிஸ்க்குகளையும் முழுதாகப் படித்துப் பார்க்கும் சரிபார்ப்பு மாதந்தோறும் ஓட வேண்டியது அதற்காகவே. பின்னிரவில் ஓடும்படி அமைத்துவிட்டு, இரவில் சர்வரை அணைத்து வைப்பவர் வீட்டில் அது ஓடாமலே போகலாம்.

வேகம் குறைந்தால் உடனே நெட்வொர்க்கைக் குறைசொல்வதும் வழக்கமாகிவிட்டது. டிஸ்க்குகளின் இயக்கத்தைக் காட்டும் ஐயோஸ்டாட் (iostat) கட்டளையில் நான்கு டிஸ்க்குகளின் காத்திருப்பு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று டிஸ்க்குகள் 10 மில்லிநொடியிலும் ஒன்று 200 மில்லிநொடியிலும் நின்றால், அந்த ஒன்றுதான் மற்றவற்றையும் பிடித்து இழுக்கிறது.

கடைசியாக, பழுதான டிஸ்க் என்று எண்ணி நல்லதைக் கழற்றிவிடுவது. டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் இடும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்ற பெயர்கள் மின்சாரம் போய் வந்து சர்வர் மறுபடி எழும்போது இடம் மாறக்கூடும். மழைக்காலத்தில் நம் மாவட்டத்தில் மின்வெட்டுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் தாளில் எழுதி அதன் தட்டின் முகப்பில் இப்போதே ஒட்டிவிடுங்கள். மூன்று யூவும் ஒரு அடிக்கோடும் தெரியும் நாளில், எதை உருவ வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.