டிவிடி பிளேயரில் படம் ஓடவில்லையா? பின்னொட்டை மாற்றிப் பயனில்லை

எம்கேவி வீடியோ கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டை (.mkv) ஏவிஐ (.avi) என்று மாற்றிப் பலர் டிஸ்கில் எழுதிப் பார்ப்பார்கள். உள்ளே இருப்பது ஹெச்.264 முறையில் சுருக்கிய வீடியோ என்றால் பழைய பிளேயருக்கு அதைப் பிரித்துக் காட்டும் சிப்பே கிடையாது. பெயர் என்னவாக இருந்தாலும் ஓடாது.

பிளேயர் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். ‘டிஸ்க் இல்லை’ என்றால் கோடெக்கை (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) குறை சொல்ல வேண்டாம். டிஸ்க்கையே அது படிக்கவில்லை. எழுதியபின் ஃபைனலைஸ் செய்யாமல் (எழுதி முடித்ததாக டிஸ்கை மூடாமல்) விட்டிருக்கலாம், அல்லது ப்ளூ-ரே டிஸ்காக இருக்கலாம். ப்ளூ-ரேவுக்கு 405 நானோமீட்டர் லேசர் தேவை, டிவிடியினுடையது 650. எந்த மென்பொருளாலும் இதைச் சரிக்கட்ட முடியாது. டிவிடி பிளஸ் ஆர் (DVD+R) டிஸ்கைப் பழைய பிளேயர் ஒதுக்கினால், எழுதும்போது புக் டைப்பை (டிஸ்கின் வகையைப் பிளேயருக்குச் சொல்லும் குறி) டிவிடி-ரோம் என்று வையுங்கள். இந்த வசதி எல்லா ரைட்டரிலும் இருக்காது.

படம் வந்து ஒலி வராவிட்டால் ஒலித்தடம் ஏஏசி அல்லது டிடிஎஸ் என்ற ஒலி வடிவில் இருக்கக்கூடும். அதை மட்டும் 48 கிலோஹெர்ட்ஸ் ஏசி3 (டால்பி டிஜிட்டல்) ஆக மாற்றினால் போதும்; படத்தை மறுபடி என்கோட் செய்து தரத்தைக் கெடுக்காதீர்கள்.

டிவ்எக்ஸ் (DivX) வீடியோவை ஓட்டும் என்ற முத்திரை உள்ள பிளேயரிலும் படம் சிதறுகிறதா? எக்ஸ்விட் (Xvid) என்கோடரின் அமைப்பில் கியூபெல் (Qpel), ஜிஎம்சி (GMC) என்ற, அசைவைக் கணக்கிடும் கூடுதல் வசதிகள் இரண்டையும் அணையுங்கள். கணினியில் சிக்கலின்றி ஓடுவதால் இவற்றை யாரும் சந்தேகிப்பதில்லை. அகலம் 720 பிக்சலைத் தாண்டவும் கூடாது.

எந்தப் பிளேயரிலும் ஓட வேண்டுமென்றால் முறையான டிவிடி-வீடியோவாக மாற்றுவதே நல்லது. வீடியோ எம்பெக்-2 வடிவில் இருக்க வேண்டும்; பால் (PAL) என்ற டிவி முறைக்கு 720 x 576 பிக்சல், விநாடிக்கு 25 ஃபிரேம். மற்றொரு டிவி முறையான என்டிஎஸ்சிக்கு (NTSC) 720 x 480, 29.97. மாற்றிய எம்பெக் கோப்பை அப்படியே டிஸ்கில் போடுவதும் தவறுதான். டிவிடிஸ்டைலர் போன்ற ஆத்தரிங் (டிவிடியாக அமைத்துத் தரும்) மென்பொருளில் கொடுத்து, ஐஎஃப்ஓ, பியுபி, விஓபி கோப்புகள் கொண்ட வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை உருவாக்கி, அதை டேட்டா டிஸ்காக அல்லாமல் டிவிடி-வீடியோவாக எழுத வேண்டும்.

பிட்ரேட்டை (விநாடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) கூட்டினால் தரம் கூடும் என்று உச்சவரம்பான 9.8 மெகாபிட்டுக்கே போய்விடுவார்கள். எழுதிய டிஸ்கில் பிளேயர் அங்கங்கே திக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 4.7 ஜிபி டிஸ்கில் (விண்டோஸ் 4.38 என்று காட்டும்) 2 மணி நேரப் படம் அடங்க, ஒலியும் சேர்த்து விநாடிக்குச் சுமார் 5 மெகாபிட்தான் இடம். எழுதும் வேகத்தை 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் அளவில் வையுங்கள்.

பால், என்டிஎஸ்சி குழப்பத்தில் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ தெரிந்தால், டிஸ்கை மாற்றுமுன் பிளேயரின் டிவி சிஸ்டம் அமைப்பை ஆட்டோ அல்லது மல்டியில் வைத்துப் பாருங்கள். பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.